அரை நிமிட மனு

"ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுடுங்க. வண்டி எடுக்கப் போறாங்க."

"சார்ஜர் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"கண்ணாடி?"

"மூக்கு மேல இருக்கு, பாருங்க."

"ஆமா."

"வேற?"

"வேற... வேற ஒண்ணுமில்ல. இறங்கினதும் ஃபோன் பண்ணு."

பதினோரு மாதங்களுக்கு முன்பு பேருந்து நிலையத்தில், ஜன்னலுக்கு உள்ளே மனைவியும் வெளியே கணவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அவர் கேட்க நினைத்தது சார்ஜரைப் பற்றி அல்ல. அவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். பேருந்துக்குத் தெரியாததால் அது கிளம்பிவிட்டது.

அவர் பல் செட் கட்டுபவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் உட்கார்ந்து அச்சு வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, அரத்தால் ராவி, பளபளப்பாக்கிக் கொடுப்பார். வாயில் சரியாக உட்காராதவர்கள் நேரே பட்டறைக்கே வந்து, செட்டைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த ஊரில் முக்கியமான சிரிப்புகளில் பாதி அவர் கட்டியவை. இப்படி ஊரார் வாய்க்கெல்லாம் வழி செய்தவருக்குத் தன் வாயை மட்டும் திறக்கத் தெரியாது.

அவளுக்கு ஒன்பது மணி நேரப் பயணத் தொலைவில், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஓராண்டு ஒப்பந்தம். "நீங்களும் வாங்களேன். அந்த ஊர்லயும் மனுஷங்களுக்குப் பல்லு விழும்ங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். "பதினெட்டு வருஷப் பட்டறைம்மா" என்றார் அவர். அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சொன்ன மறுநாளே அவருக்கு மனசு மாறிவிட்டது. ஆனால் மாறிய மனசை எப்படி எடுத்துச் சொல்வது என்பது பதினோரு மாதங்களாகப் பிடிபடவில்லை.

தினமும் ஃபோனில் பேசினார்கள். சிலிண்டர் வந்ததா, இருமல் குறைந்ததா, துவைத்த போர்வை காய்ந்ததா. இந்தப் பேச்சுகளுக்கு நடுவில் அப்படிப்பட்ட கேள்வியை எங்கே செருகுவது? அவருக்கு வாய் வருவது வாழ்க்கையில் ஒரே ஓர் இடத்தில்தான். நல்ல பாட்டு ஒன்று முடிந்ததும், அடுத்தது தொடங்குவதற்குள் ஓர் அரை நிமிடம் இருக்கிறதே, அங்கே. அப்பாவின் பல் செட்டை வாங்கிப் போகப் பட்டறைக்கு வந்தவளிடம், ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்த அந்த அரை நிமிடத்தில்தான், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். அவளும் செட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "அப்பாவுக்கு இது சரியா கடிக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். சரியாகக் கடித்தது.

அதனால் அவள் போன ஆறாம் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு இருவரும் இணையத்தில் ஓர் அறை திறந்து, ஒரே பாட்டை இரண்டு ஊரிலிருந்து சேர்ந்து கேட்டார்கள். பழைய பாட்டு, நீளமான குழலிசைக்குப் பிறகு, விருந்துக்குத் தாமதமாக வந்தவளைப் போல ஒரு பெண் குரல் உள்ளே வரும். முடிந்ததும் அரை நிமிடம் இருவரும் பேச மாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் கேள்வி அவருடைய தொண்டை வரை ஏறி வந்தது. நான்காவது வாரம் நாக்கின் நடுப்பகுதியைத் தாண்டியது. ஐந்தாவது வாரம் நிச்சயம் பல்லைத் தாண்டியிருக்கும்.

ஐந்தாவது வாரம் அறையைத் திறந்தபோது ஓர் அறிவிப்பு இருந்தது.

"இந்த அறை உடன்கேட்பு வாரியத்தின் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளது. ஒருவர் பாட்டுக் கேட்பது தனிப்பட்ட விஷயம். பதினொருவரும் அதற்கு மேற்பட்டோரும் கேட்பது கூட்டம். இரண்டு பேர் கேட்பது இவ்விரண்டிலும் சேராததால் ஒழுங்கின்மை. எனவே தங்கள் அறை, இதே நிலையிலுள்ள பிற அறைகளோடு இணைக்கப்படுகிறது. தங்கள் செவி எண்: 41."

அவளுக்கு 172 கொடுத்திருந்தார்கள். கணவன் மனைவிக்கு அடுத்தடுத்த எண் கொடுத்தால் சலுகை காட்டியதாகிவிடும் என்று அடிக்குறிப்பு விளக்கியது.

முதல் கூட்டத்தில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் திரையில் பக்கம் பக்கமாக அஞ்சல் தலைகளைப் போல அடுக்கப்பட்டிருந்தார்கள். எல்லோருடைய மைக்கும் மூடப்பட்டிருந்தது. வருகைப் பதிவு நாற்பது நிமிடம் நடந்தது. எண்ணைக் கூப்பிட்டதும் மைக் ஒரு நொடி திறக்கும். "கேட்கிறது ஐயா" என்று சொல்ல வேண்டும். 'ஐயா'வை விட்டுவிட்ட ஒருவர், கேட்கவில்லை என்று பதிவு செய்யப்பட்டார். பிறகு உறுதிமொழி. "என் இரு செவிகளையும் பாரபட்சமின்றிப் பயன்படுத்துவேன்" என்று எல்லோரும் வலது கையை வலது காதிலும் இடது கையை இடது காதிலும் வைத்துக்கொண்டு வாயசைத்தார்கள்.

அடுத்து வாரியத் தலைவர் பேசினார்.

"என்னைப் பத்திச் சிலர் கேக்கறாங்க, இவருக்குப் பாட்டுல என்ன அனுபவம்னு. வெளிப்படையாவே சொல்றேன். நான் பாட்டே கேட்டதில்லை. சின்ன வயசுல ஒரு தடவை பக்கத்து வீட்டுல போட்டாங்க, ஜன்னலைச் சாத்திட்டேன். அதனாலதான் எந்தப் பாட்டு மேலயும் எனக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. இந்த நடுநிலைமை இசை தெரிஞ்சவங்க யாருக்காவது வருமா? வராது. அதனாலதான் அவங்க யாரையும் வாரியத்துல சேர்க்கலை."

பேச்சின் நடுவே நடுவே 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. மற்றவர்கள் அதை இணையக் கோளாறு என்று நினைத்தார்கள். பல் கட்டுபவர் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல் செட். வலப்பக்கம், இரண்டாவது கடைவாய்ப் பல். அது கீழ்ப் பல்லை அரை நொடி முன்னதாகவே தொட்டுவிடுகிறது. அந்தச் சத்தத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்தப் பல்லைக் கட்டியவர் அவர்தான். "சீக்கிரம் ராவிக் குடுங்க, நான் ஒரு வாரியத்துக்குப் பொறுப்பேத்துக்கப் போகணும்" என்று அவசரப்படுத்தி வாங்கிப் போன மனிதர்!

கடைசியில் பாட்டு வந்தது. நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் தலையசைப்பு மேற்பார்வையாளர் என்றொரு அம்மையார் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, யாருடைய தலை ஆடுகிறது என்று குறித்துக்கொண்டார். குழலிசைக்கு மேலும் கீழுமாக, குரலுக்குப் பக்கவாட்டில் ஆட வேண்டும். தூக்கத்தில் ஆடிய தலைகளும் கணக்கில் சேர்ந்தன. பாட்டின் கடைசி இழை முடியும் முன்பே, ஒரு நொடிகூட இடைவெளி விடாமல், செயலாளர் நன்றியுரையைத் தொடங்கினார். நன்றியுரை ஐம்பது நிமிடம். முடிந்ததும் அறை மூடிக்கொண்டது.

மறுநாள் ஃபோனில் அவள், "நேத்து உங்களத் தேடறதுக்குள்ள பாட்டே முடிஞ்சுடுச்சுங்க. மூணாவது பக்கத்துல இருந்தீங்க" என்றாள்.

"நீ எட்டாவது பக்கம். தலைய நல்லா ஆட்டின."

"கழுத்து சுளுக்குங்க. அந்தத் தலைவர் பேசறப்ப 'டக் டக்'னு வந்துச்சே, கவனிச்சீங்களா?"

"மேல் செட்டு லூசு."

"எந்த மகராசன் கட்டினதோ!"

போர்வை காய்ந்துவிட்டது என்றார் அவர்.

அடுத்த வாரம் வாரியத்தை விட்டுவிட்டுத் தாங்களே கேட்பது என்று முடிவு செய்தார்கள். ஃபோனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, ஆளுக்கொரு பக்கம் பாட்டைத் தட்டினார்கள். பெண் குரல் உள்ளே வருவதற்குள் ஃபோன் துண்டிக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு கண்காணிப்பாளர் பட்டறைக்கே வந்தார். கையில் கோப்பு, முகத்தில் ஈறு வீக்கம்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி ரெண்டு நிமிஷத்துக்கு நீங்க ஒரு பாட்டு கேட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"அதே பாட்ட அதே நேரத்துல இன்னொருத்தரும் கேட்டிருக்காங்க. நாலு விநாடிதான் வித்தியாசம். அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"என் சம்சாரம்ங்க."

"தெரியும்னே சொல்றீங்களா! இதுக்குப் பேரு அனுமதியில்லாத உடன்கேட்பு. சரி, பாத்தா நல்ல மனுஷனா இருக்கீங்க. தற்செயலா நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"தற்செயல்னு எப்படிங்க? நாங்க எண்ணி..."

"எண்ணினீங்களா? அதைச் சொல்லவே சொல்லாதீங்க! 'எனக்கும் என் மனைவிக்கும் ஒரே சமயத்தில் ஒரே விருப்பம் ஏற்பட்டது தற்செயலே. இனி ஏற்படாமல் பார்த்துக்கொள்வேன்.' எழுதுங்க. இந்தத் தற்செயல் தம்பதிகளுக்கு வருஷத்துக்கு மூணு தடவை அனுமதி."

எழுதிக் கொடுத்தார். கண்காணிப்பாளர் அதை வாங்கி மடித்துவிட்டு, "இந்தக் கடைவாய்ப் பல்லு ஆடுதுங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்று வாயைத் திறந்தார்.

போகும்போது அவர்தான் ஒரு வழியும் சொன்னார். "பாட்டு முடிஞ்சதும் அரை நிமிஷம் வேணும்னா, மனு போடுங்க. வாரியம் மனுவ மதிக்கும். படிக்காது, ஆனா மதிக்கும்."

வாரிய அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் இரண்டாவது மாடி. சுவர் முழுக்கக் காதின் படங்கள். 'அமைதி காக்கவும்' என்று நிமிடத்துக்கு ஒரு முறை ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. மனுப் பிரிவு எழுத்தர் அவருடைய தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பாட்டு இருந்தா பாட்டுப் பிரிவு. பேச்சு இருந்தா உரைப் பிரிவு. நீங்க கேக்கறது ரெண்டும் இல்லாத அரை நிமிஷம். ஒண்ணுமே இல்லாததை நான் எந்தப் பிரிவுக்கு அனுப்ப?"

"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குங்க பிரிவு? சும்மா விட்டாப் போதும்."

"சும்மா விடறதுக்கு ஒரு அதிகாரி வேணாமா? எதுக்கு இந்த அரை நிமிஷம்?"

"பேசறதுக்கு."

"யாருகிட்ட?"

"என் பொண்டாட்டிகிட்ட."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க, நான் கல்யாணமாகிப் பதினாறு வருஷமா பேசறதில்ல. குறைஞ்சா போயிட்டேன்?"

பல் கட்டுபவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். காரணம் என்ற இடத்தில் எழுத்தர் தாமாகவே 'பொதுநலன்' என்று நிரப்பிக்கொண்டார்.

அந்த மனு வீண்போகவில்லை. அதுதான் சிக்கலாகப் போயிற்று. அதன்மீது மௌன ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. முதல் அமர்வில் மௌனத்தின் அவசியத்தைப் பற்றி ஒன்பது பேர் ஒரே சமயத்தில் பேசியதால் குறிப்பெடுக்க முடியவில்லை. இரண்டாவது அமர்வில் எல்லோரும் மௌனமாக இருந்ததால் குறிப்பெடுக்க ஒன்றுமில்லை. இரண்டு அமர்வுகளையும் கூட்டி இரண்டால் வகுத்து, நான்கு மாதத்தில் ஓர் அறிக்கை தயாரானது. அதற்கிடையே ஞாயிறுகள் போய்க்கொண்டேயிருந்தன. பாட்டு நான்கு நிமிடத்திலிருந்து மூன்றாகியது. நன்றியுரை ஐம்பதிலிருந்து எழுபதாகியது.

இதற்குள் அவளுடைய ஓராண்டு ஒப்பந்தமும் முடியும் நிலைக்கு வந்துவிட்டது.

"இன்னும் மூணு வருஷத்துக்கு இருக்கச் சொல்றாங்க" என்றாள் ஒரு வியாழக்கிழமை ஃபோனில். "இருக்கேன்னோ இல்லேன்னோ திங்கக்கிழமை காலைல எழுதிக் குடுத்துடணும். என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்மா."

"என் இஷ்டம் எனக்குத் தெரியும்ங்க. அத நான் கேக்கல."

மேசையில் வரிசையாக இருந்த ஏழு பல் செட்டுகளும் வாயைத் திறந்துகொண்டு அவரையே பார்த்தன. எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது, ஒன்றுகூட உதவவில்லை.

"அங்க மழையா?" என்றார்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அவள் முதலில் வைத்தது அதுவே முதல் தடவை.

ஞாயிறு மாலை வந்தது. அன்று அரை நிமிடம் கிடைக்கும் என்று மனுதாரர் என்ற முறையில் அவருக்குத் தகவல் வந்திருந்தது. புதிதாகச் சவரம் செய்துகொண்டு, கேட்க வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வருகைப் பதிவும் உறுதிமொழியும் முடிந்து தலைவர் வந்தார்.

"மனுதாரர் அரை நிமிஷம் கேட்டார். டக். வாரியம் யாரையும் குறைவா நடத்தாது. அவருக்குப் பதினோரு நிமிஷம் குடுக்கறோம். அதோட, ரொம்ப நாளா ஒரு பிரச்சினை. பாட்டு பக்கத்துல இருக்கறவங்களுக்கு முன்னாடியும் தூரத்துல இருக்கறவங்களுக்கு ரெண்டு விநாடி பின்னாடியும் போய்ச் சேருது. டக். இது செவிச் சமத்துவத்துக்கு விரோதம். எல்லாருக்கும் ஒரே நேரத்துல கேக்கற மாதிரி உலகத்துல என்னதான் இருக்குன்னு குழு ஆராய்ச்சி பண்ணிச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மௌனம். அதனால இன்னிலேர்ந்து இந்த வாரியத்துல பாட்டு கிடையாது. பதினோரு நிமிஷம் ஒத்த மௌனம் மட்டும்தான். பாட்டுதான் இத்தனை நாளா நம்ம பணிக்கு இடைஞ்சலா இருந்துச்சுன்னு இப்பதான் புரியுது."

எல்லோரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

"இன்னொண்ணு. மைக்கை மூடிட்டு மௌனமா இருக்கறது போலி மௌனம். உள்ள ஒருத்தர் பாடிக்கிட்டே இருந்தாக்கூட யாருக்குத் தெரியும்? அதனால எல்லா மைக்கும் திறந்திருக்கும். ஆரம்பிக்கலாம்."

இருநூற்றுப் பதின்மூன்று மைக்கும் ஒரே நேரத்தில் திறந்தன.

முதலில் பெரிய காற்றுப் போல ஒன்று வந்தது. கொஞ்சம் பழகியதும் அது பிரிந்து பிரிந்து கேட்டது. ஒரு வீட்டில் குழாய் சொட்டியது. ஒரு வீட்டில் ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழேழில் தடுக்கி, மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ, "இவங்களுக்கு வேற வேல இல்ல" என்று உள்ளறையிலிருந்து முணுமுணுத்தார்கள். மேற்பார்வையாளர் அம்மையார் தலைகளைக் குறித்துக்கொண்டிருந்தார். மௌனத்துக்குத் தலை மேலும் கீழுமாக ஆட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், பல் கட்டுபவருக்கு ஒரு சத்தம் கேட்டது. சரக், தட். சரக், தட். இடது குதிகால் தேய்ந்த ஒரு ஜோடிச் செருப்பு. யோசனை வந்தால் அவள் கால் சும்மா இருக்காது. உட்கார்ந்த இடத்திலேயே நடக்கும். பதினோரு மாதமாக அவர் வீட்டில் இல்லாமல் போன சத்தம் அது. எட்டாவது பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். அவள் மடியில் ஒரு தாள் இருந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய தாளாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் தன் துண்டுத்தாளைக் கையில் எடுத்தார். எழுத்துகள் எல்லாம் இருந்தன; வாய்தான் வரவில்லை.

ஏழாவது நிமிடம். மௌனத்தில் மெய்ம்மறந்து தலைவரின் கண்கள் சொருகின. தாடை தளர்ந்தது. மேல் செட் மெல்ல இறங்கி, கீழ்ச் செட்டின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தது.

டக்.

பல் கட்டுபவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்தது. அதே கணத்தில் எட்டாவது பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் பொத்த முடியாத, அவருக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. ஒரு விநாடிகூட முன்பின் இல்லை. வாரியம் இத்தனை மாதம் முயன்றும் கிடைக்காத ஒருமை அது.

"செவி எண் நாப்பத்தொண்ணு!" என்றார் மேற்பார்வையாளர் அம்மையார். "செவி எண் நூத்தி எழுபத்திரெண்டு! மௌனத்தக் கலைச்சுட்டீங்க!"

தலைவர் விழித்துக்கொண்டு செட்டை உள்ளே தள்ளினார். "யாரு? யாரு அது? விளக்கம் வேணும்! இப்பவே, எல்லார் முன்னாடியும்!"

"ஐயா, நான் பல்லு கட்டறவன்" என்றார் அவர். "உங்க மேல் செட்டு சத்தம் போடுது. அத நான்தான் கட்டினேன்."

குழந்தை ஏழேழில் அப்படியே நின்றது.

"எந்த மகராசன் கட்டினதோன்னு நீ கேட்டியே," என்று அவர் எட்டாவது பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். "நான்தான்மா. உன்ன வண்டி ஏத்திவிட்டுட்டு வந்து, அன்னிக்குச் சாயங்காலம் ராவினது. எவ்வளவு ராவறேன்னே தெரியாம ராவினேன். அந்த வாரம் நான் கட்டின ஒரு பல்லும் சரியா கடிக்கல. அதுக்கப்புறம் கட்டினதும் பெரிசா ஒண்ணும் சரியில்ல."

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"இது விளக்கமா, உரையா, கேள்வியா?" என்று செயலாளர் குறுக்கிட்டார். "உரைன்னா முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்கணும். கேள்வின்னா கேள்வி மாதிரி கேக்கணும்."

"கேள்விதாங்க."

"யாருக்கு?"

"செவி எண் நூத்தி எழுபத்திரெண்டுக்கு."

செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மௌன நேரத்தில் கேள்வி கேட்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. யாரும் கேட்பார்கள் என்று குழு நினைத்திருக்கவில்லை. "ஒரே ஒரு கேள்வி," என்றார். "சுருக்கமா."

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் திரையை நெருங்கி வந்தார்கள். குழாயை யாரோ இறுக்கி மூடினார்கள். உள்ளறையில் முணுமுணுத்தவரும் நிறுத்திக்கொண்டார். எந்த விதியும் சொல்லாமல், யார் தலையும் ஆடாமல், ஓர் அரை நிமிடம் உண்மையாகவே ஒரு சத்தமும் இல்லை.

பல் கட்டுபவர் துண்டுத்தாளைக் கீழே வைத்தார்.

"நானும் அங்க வந்துடட்டுமா?"